பீம்ஸ்வில் வேலியோரத்தில் உனக்கு ஒரு படையல்

என் சைக்கிள்கார அண்ணா,

சுகமா என்று உன்னைக் கேட்க முடியாது. நாங்கள் சுகம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அதனால் நேரே விசயத்துக்கு வருகிறேன்.

உன் ஆண்டுத் திவசத்துக்கு மாமா பத்திரிகையில் அரைப்பக்கம் நினைவஞ்சலி போட்டார். கோட்டும் கழுத்தில் ரையுமாக உன் படம். அந்தக் கோட்டு மாமாவுடையது என்று எங்களுக்குத்தானே தெரியும். கீழே “சாந்த சொரூபி” என்று எழுதியிருந்தது. நீயா சாந்த சொரூபி? றெஸ்ரோறன்ற் குசினியில் உன் ஏப்ரனைக் கழற்றித் தலைமைச் சமையற்காரனின் தோளிலேயே போட்டுவிட்டு வந்தவன் நீ. வேலைக்குப் போகும் வழியில் லொறி அடித்துச் செத்தாய் என்பது ஒரு வரியிலும் இல்லை. கனடாவுக்கு வந்தும் சைக்கிளில் போனவன் என்றால் குடும்பத்துக்கு மரியாதை இல்லையாம். செத்த வீட்டிலேயே ஒருவர் என் காதுபடச் சொன்னார்: “ஒரு பழைய காரையெண்டாலும் வாங்கியிருக்கலாம்.” லொறிக்காரனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அரைப்பக்கத்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்.

நீ போகவிருந்த பயணத்துக்கு நாங்கள் போய்வந்தோம். மேசைகளிலிருந்து வரும் வெற்று வைன் போத்தல்களைப் பெட்டியில் போடுமுன் அவற்றில் ஒட்டியிருக்கும் திராட்சைத் தோட்ட ஊர்ப் பெயர்களை நீ வாசிப்பாயே, பீம்ஸ்வில், வைன்லண்ட், ஜோர்டன் என்று. “வேலைக்கெண்டு ஓடின சைக்கிளை ஒருக்காச் சும்மா ஓட வேணும், வெள்ளையள் ஓடுற மாதிரி” என்று நீதான் சொன்னாய். உன் சிநேகிதர் மூவரும் வந்தார்கள். ரூபன் அண்ணா, அன்ரன் அண்ணா, நாங்கள் வந்து சேருமுன் உன்னோடு வாடகை நிலவறையில் ஒரே கட்டிலை மாறி மாறிப் பாவித்த செல்வன் அண்ணா. செல்வன் என்பது இந்தக் கடிதத்துக்காக நான் வைத்த பெயர். ஏன் என்று வாசிக்க வாசிக்க உனக்கு விளங்கும். நாலாவது ஆளாக, உன் இடத்தில் நான்.

அம்மா ஒன்றுதான் கேட்டா. “மூண்டு பெடியளோட மூண்டு நாளோ?”

“ஓம்” என்றேன்.

உடனே வழிக்கு ரொட்டி சுடப் போய்விட்டா.

முதல் நாள் ஏரிக்கரையோடு ஓடி ஹமில்டனில் அன்ரன் அண்ணாவின் அன்ரி வீட்டில் படுத்தோம். வழி முழுக்க என் கண் செல்வன் அண்ணாவில்தான். பொலிஸ் கார் ஒன்று தூரத்தில் தெரிந்தாலே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடப்பார்.

“சைக்கிளுக்கும் லைசென்ஸ் கேப்பாங்கள் எண்டு நினைக்கிறான்” என்று ரூபன் அண்ணா சிரித்தார்.

“விடடா. அடுத்த செவ்வாய் உனக்கோ ஹியரிங்? அவனுக்குத்தானே” என்றார் அன்ரன் அண்ணா.

ஓம் அண்ணா, நாலு வருடம் காத்திருந்த அகதி விசாரணை. அந்தச் செவ்வாய்க்கிழமை விசாரிக்கிறவர்கள் “இல்லை” என்று சொல்லிவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். போனால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. விசாரணை முடியும்வரை பொலிஸில் பேர் பதியும்படி எதுவும் செய்யாதே என்று லோயரின் மொழிபெயர்ப்பாளர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு சின்ன அபராத ரிக்கற்றால் விசாரணை கெடுமா? எனக்குத் தெரியாது. செல்வன் அண்ணாவுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்குப் பயந்துகொண்டு ஒரு மனிதன் எத்தனை வருடம் நடக்கலாம்?

வராமல் விட்டிருக்கலாமே என்பாய். நானும் சொன்னேன். “அவனுக்குப் படைக்க வேணும் தங்கச்சி” என்றார்.

திவசத்தன்று வீட்டில் நடந்ததை நீ பார்த்திருப்பாயோ தெரியாது. ஐயர் போன பிறகு, உனக்கு விருப்பமான மீன் குழம்பும் ஒரு கிளாஸ் குடிவகையும் வைத்துப் படைப்போம் என்று செல்வன் அண்ணா கேட்டார். ஊரில் எத்தனையோ வீட்டில் செய்கிறதுதானே. மாமா எல்லோருக்கும் முன்னால் சத்தம் போட்டார். “றிச்மண்ட் ஹில்லில இருந்து பெரிய மனிசர் வந்திருக்கினம். கனடாவுக்கு வந்தும் உந்தக் காட்டுமிராண்டி வேலையோ?” அம்மா குசினிக்குள் போய்விட்டா. செல்வன் அண்ணா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அந்தப் படையல் அவர் மனதில் கடனாகவே கிடந்திருக்கிறது.

இரண்டாம் நாள் மத்தியானம் பீம்ஸ்வில்லுக்கு வந்துவிட்டோம். உன் போத்தல்களின் ஊர், அண்ணா. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் ஏரி, நடுவில் கம்பி வேலியில் கட்டின திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக. வைன் விற்கும் இடத்தில் செல்வன் அண்ணா ஒரு போத்தல் வாங்கினார். கல்லாவில் நின்ற பெண் அவர் காசைப் பார்த்த அளவுக்கு அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்சம் தள்ளி, தெருவோரப் புல்லில் இருந்தோம். செல்வன் அண்ணா கடதாசித் தட்டில் அம்மாவின் ரொட்டியையும் ரின்னில் அடைத்த மீனையும் வைத்தார். போத்தலைத் திறந்து பிளாஸ்ரிக் கப் ஒன்றில் ஊற்றினார். பிறகு பொக்கற்றிலிருந்து கற்பூரத்தை எடுத்து, அதே தட்டின் ஓரத்தில் வைத்துக் கொளுத்தினார். கடதாசித் தட்டில்! நாலு பேர் இருந்தோம். நாலு பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். வேதக்காரரான, கழுத்தில் சிலுவை போட்ட அன்ரன் அண்ணாவும்தான்.

கண்ணைத் திறந்தபோது தட்டு எரிந்து புல்லுக்கு நெருப்புப் போயிருந்தது.

செப்ரெம்பர் புல், காய்ந்து கிடந்தது. சப்பாத்தால் மிதித்தோம். கொடிகளுக்கு நடுவில் வேலை செய்துகொண்டிருந்த இருவர் ஓடிவந்தார்கள். பருவ வேலைக்கு மெக்சிக்கோவிலிருந்து கொண்டுவருகிற ஆட்கள். ஒருவர் தன் குடிதண்ணீர்க் கலனை அப்படியே கவிழ்த்தார். நெருப்பு அணைந்தது. ஒரு கொடிக்கும் சேதமில்லை. ஆனால் தோட்டத்துச் சொந்தக்காரனின் பிக்கப் லொறி வந்துவிட்டது. அவன் கேட்ட முதல் கேள்வி, “நீங்கள் யாருடைய தோட்டத்து ஆட்கள்?” கறுத்த தோல், கூலியாட்களைப் போலச் சைக்கிள், வேறென்ன நினைப்பான்?

“நாங்கள் கூலியாட்கள் இல்லை சேர்! ரொறன்ரோவிலிருந்து வருகிறோம்” என்று ரூபன் அண்ணா துள்ளி விழுந்து சொன்னார். தண்ணீர் ஊற்றினவர் வெறுங்கலனோடு பக்கத்தில் நிற்கிறார். எனக்குத் தோட்டக்காரனைவிட ரூபன் அண்ணாவில்தான் ஆத்திரம் வந்தது. யாழ்ப்பாணத்து நாக்கு எந்த நாட்டில் என்ன மொழி பேசினாலும் முதலில் சொல்வது, நான் அவன் இல்லை என்பதைத்தான்.

தோட்டக்காரன் ஏற்கெனவே பொலிஸுக்கு அறிவித்திருந்தான். கார் வந்து நின்றது.

செல்வன் அண்ணா ஓடவில்லை. சைக்கிளின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொலிஸ்காரன் புல்லைப் பார்த்தான், கறுத்த தட்டைப் பார்த்தான், திறந்த போத்தலைத் தூக்கிப் பார்த்தான். நெருப்பைப் பற்றி எச்சரிக்கை மட்டும் என்றான். தெருவோரத்தில் மதுப் போத்தலைத் திறந்து வைத்திருப்பதற்கு ரிக்கற் எழுத வேண்டுமாம்.

“இது யாருடையது?”

ரூபன் அண்ணா நிலத்தைப் பார்த்தார். அன்ரன் அண்ணா வாயைத் திறக்கப் போனார், ஆனால் இங்கிலீஷ் வரவில்லை. செல்வன் அண்ணாவின் கால் ஒன்று முன்னுக்கு அசைந்ததை நான் கண்டேன். உண்மை பேசுகிற ஆள், அதுதான் அவருடைய வியாதி.

“என்னுடையது” என்றேன்.

பொலிஸ்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். வயது கேட்டான். இருபத்தொன்று. என் பேரையும் எங்கள் விலாசத்தையும் எழுதினான். மற்றவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கார் போன பிறகு செல்வன் அண்ணா புல்லில் குந்திவிட்டார்.

“ஏன் தங்கச்சி? நாளைக்கு உன்னை என்ன சொல்லுவாங்கள்?”

“சொல்லட்டும். எனக்குப் பேப்பரெல்லாம் சரி. என்னை ஒருத்தரும் பிளேனில ஏத்தித் திருப்பி அனுப்பமாட்டாங்கள்.”

மூன்றாம் நாள், சனிக்கிழமை, ஜோர்டனைத் தாண்டி ஏரி முடிகிற இடம்வரை போனோம். அழகான இடம் என்று நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை. அன்றிரவே பஸ்ஸில் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினோம்.

ரூபன் அண்ணாவின் வாய் உனக்குத் தெரியும். ஞாயிறு காலை கோயிலில் கதை பரவி, மத்தியானம் மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“குமர்ப்பிள்ளை, றோட்டில போத்தலோட! ரிக்கற்றில உவளின்ர பேர்! நான் நாலு இடத்தில சம்பந்தம் பேசி வைச்சிருக்கிறன்.”

“நான் கேட்டனானே பேசச் சொல்லி?”

“நீ வாயை மூடு. உது அந்தப் பெடியன்ர போத்தல், ரூபன் சொல்லிப்போட்டான். ரூபனைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு நாளைக்கே பொலிஸுக்குப் போறன். அவன்ர பேரைப் போடட்டும்.”

“செவ்வாய் அவருக்கு ஹியரிங் மாமா.”

“அதுக்கு? ஆரோ ஒருத்தனுக்காக எங்கட பேர் நாறுறதோ?”

திங்கள் ஒரு நாள்தான் இடையில். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். தள்ளிவிட்டுப் போனால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா மேசையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா. தலை நிமிரவில்லை.

“அண்ணை, அது என்ர போத்தல்.”

மாமா திரும்பினார். “என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?”

“என்ர பிள்ளைக்குப் படைக்கச் சொல்லி நான்தான் இவளிட்டைச் சொல்லி விட்டனான். நீங்கள் இஞ்ச விடேல்லை. அங்கை படைச்சவை. பொலிஸுக்குப் போறதெண்டால் என்னையும் ஏத்திக்கொண்டு போங்கோ. என்ர பேரையும் எழுதட்டும்.”

“நீ? வைன்? அது என்ன நிறமெண்டாவது உனக்குத் தெரியுமே?”

“சிவப்பு” என்றா அம்மா. கொஞ்சமும் யோசிக்கவில்லை.

அது வெள்ளை வைன், அண்ணா. மாமாவுக்கும் தெரியாது. அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சொந்தத் தங்கச்சியைப் பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனால் றிச்மண்ட் ஹில் என்ன சொல்லும் என்று கணக்குப் பார்த்திருப்பார். கதவைச் சாத்தாமலே போனார்.

செவ்வாய் நானும் அம்மாவும் விசாரணைக் கட்டடத்து நடையில் காத்திருந்தோம். உள்ளே விடமாட்டார்கள். செல்வன் அண்ணா வெளியில் வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா எழும்பிப் போய் அவருடைய கையைப் பிடித்தா. அதன் பிறகுதான் “ஓமாம் அன்ரி” என்றார். கனடாவில் இருக்கலாமாம்.

ரிக்கற் என் பேரில்தான் இருக்கிறது. சம்பந்தங்கள் நின்றுவிட்டன, நல்லது. இன்னும் ஒன்றுதான் உனக்குச் சொல்ல வேண்டும். வருகிற திவசத்துக்கு ஐயர் போனதும், எங்கள் குசினியிலேயே, செல்வன் அண்ணாவின் கையால் உனக்குப் படைப்போம். மாமாவின் பெரிய மனிசர் எத்தனை பேர் முன்னறையில் இருந்தாலும் படைப்போம். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். “உரத்துச் சொல்லு, அவனுக்குக் கேக்கட்டும்” என்றா.

சொல்லிவிட்டேன்.

உன் ஒரே தங்கச்சி,
சுமதி