நான் மாற்றிய வரிகள்

அப்பா,

நேரில் சொல்ல முகமில்லை. அதனால் இதை உங்கள் டிபன் பையில் வைக்கிறேன்.

உங்கள் எம்.பி.ஏ. அசைன்மென்ட்டை டைப் செய்யத்தான் சொன்னீர்கள். "மெஷின் நின்றால் ஆட்கள் சும்மா நிற்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது" என்று உங்கள் ஃபாக்டரியைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் எழுதியிருந்தீர்கள். சின்னப் பிள்ளை கட்டுரை மாதிரி இருக்கிறதே என்று, உங்களைக் கேட்காமலே பெரிய பெரிய வார்த்தைகளைப் போட்டு மாற்றிவிட்டேன். ஞாயிறு காலை கவரில் போட்டுக் கொடுத்ததை, பிரித்துக்கூடப் பார்க்காமல், வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கேம்ப் ரோடு பஸ்ஸுக்கு ஓடினீர்கள்.

சாயங்காலம் உங்களோடு படிக்கும் ஹேமநாத் அங்கிள் உங்களை ஸ்கூட்டரில் இறக்கிவிடும்போது சிரித்தார். "என்ன சார், டிக்‌ஷனரியை முழுங்கிட்டு வந்தீங்களா? எந்திரிச்சு நின்னு வாசிச்சுட்டு, புரொபசர் அர்த்தம் கேட்டா அப்படியா முழிப்பீங்க? கிளாஸே சிரிச்சுது!"

நீங்களும் சிரித்தீர்கள். "வயசாயிடுச்சுப்பா, மண்டைல நிக்கல" என்றீர்கள். நான் வாசல் கேட்டுக்குப் பின்னால்தான் நின்றேன். "பொண்ணு மாத்திட்டா" என்று நீங்கள் சொல்லவே இல்லை.

நேற்று அம்மாவிடம், "படிச்சுக் கிழிச்சது போதும், இனிமே சண்டே வீட்லயே இருக்கேன்" என்றீர்கள். அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அந்த வார்த்தைகளில் பாதிக்கு எனக்கே அர்த்தம் தெரியாது, அப்பா.

நீங்கள் எழுதியதை அப்படியே மறுபடி டைப் செய்து இதோடு வைத்திருக்கிறேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. இந்த ஞாயிறு வகுப்பில் எழுந்து நின்று இதை வாசியுங்கள். பஸ் ஸ்டாப் வரை நானும் வருகிறேன்.

தலைகுனிந்து,
உங்கள் மகள்