ஞாயிறு மட்டும் வாறவா

2025 மே 14, புதன்

நேற்றோடு கேபிள் டிவியில் எங்கள் 'எட்டரைக் கந்தோர்' முதலாம் சீசன் முடிந்தது. சிரிக்கவேண்டிய கடைசிப் பகிடிக்கு அம்மா குறட்டை விட்டா. பெத்த பிள்ளை எழுதிய நாடகம்! இனி ஆரிடம் போய் நியாயம் கேட்பது?

இன்று வேலைக்குப் போனால் எங்கள் அலுவலக உதவியாளர் கணபதி அண்ணை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பிள்ளை, கோவியாதை. உது கந்தோரோ, கலியாண வீடோ?"

அவரில் பிழையில்லை. இயக்குனர் தர்ஷன் கிளிநொச்சியில் கலியாண வீடியோ எடுக்கிறவன். கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை பொம்பிளை இருக்கிற சோபாவில் நாடகத்து இலிகிதர்களை இருத்தி எடுத்தான். காட்சி மாறும்போதெல்லாம் திரையில் ஒரு இருதயம் விரிகிறது. அவனை மட்டும் சொல்லி என்ன? பால் கூட்டுறவுச் சங்கத்தில் எட்டு வருடம் இலிகிதராகக் கணக்கெழுதுகிற நான், நாடகத்து முகாமையாளரைப் பத்துப் பகுதியிலும் கத்த விட்டிருக்கிறேன். எங்கள் முகாமையாளர் ஜெகதீஸ்வரி மிஸ் ஒருநாளாவது கத்தினவவோ? பிறகு ஏனடி சுதாஜினி அப்படி எழுதினாய்?

நாடகம் என்றால் கத்தவேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

மே 20, செவ்வாய்

கேபிள்காரர் இன்னொரு சீசன் தருகிறார்கள்! ஐந்தே ஐந்து பகுதி. அதையும் சனம் பார்க்காவிட்டால் மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். தர்ஷன் ட்ரோன் கொண்டுவருகிறானாம். கந்தோருக்குள் என்னத்துக்கடா ட்ரோன்?

ஜூன் 23, திங்கள்

ஆனி மாதம். மண்டபம் முழுக்கக் கலியாணம், எங்களுக்கு இடமில்லை. வேறு வழியில்லாமல் மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கந்தோரைத் தருவீங்களோ என்று கேட்டு முடிக்க எனக்கு வேர்த்துவிட்டது. அவா பால் அறிக்கையில் இருந்து தலை நிமிர்த்தவில்லை.

"வச்சது வச்ச இடத்தில இருக்கோணும்."

அவ்வளவுதான். ஓம் என்றுதானே அர்த்தம்?

ஜூன் 29, ஞாயிறு

என்ன நாள்! உண்மையான மேசை, இழுத்தால் வராத லாச்சி, கிறீச்சிடும் மின்விசிறி. நடுவில் ஒரு மாடு கத்தியது, தர்ஷன் 'கட்' சொல்லவில்லை. நாலாவது கதிரைக்குக் கால் சரியில்லை என்று தெரியாமல் எங்கள் நடிகன் நிருஷன் அதில் இருந்து விழுந்தான். நாங்கள் எழுதியே இராத பகிடி அது. வயிறு நோகச் சிரித்தேன்.

நாடகத்தில் யதுர்ஷிகாதான் முகாமையாளர் மங்கையர்க்கரசி. எட்டரைக்கு வரவு இடாப்பில் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு கீறுகிற காட்சியை ஒரே தடவையில் செய்தாள். எங்கள் கந்தோரிலும் அப்படித்தான். கோட்டுக்குக் கீழே ஒப்பம் வைத்தால் பிந்தி வந்தவர். போகும்போது எல்லாவற்றையும் காலையில் எடுத்து வைத்த படத்தைப் பார்த்துப் பார்த்து அந்தந்த இடத்தில் வைத்தோம்.

ஜூன் 30, திங்கள்

ஐயோ. ஐயையோ.

யதுர்ஷிகா கோடு கீறியது உண்மையான இடாப்பில்! ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், நாடகத்தில் மட்டும் இருக்கிற நாலு பேரின் ஒப்பம். இன்றைக்குப் பார்த்தா கணக்காய்வு வரவேண்டும்? நான் காணமுதல் கணக்காய்வுக்கு வந்த ஐயா கண்டுவிட்டார்.

"ஞாயிறு வேலை செய்த இந்த மங்கையர்க்கரசி ஆர்?"

மிஸ் கண்ணாடியைச் சரிசெய்தா.

"அவா ஞாயிறு மட்டும் வாறவா."

"எப்பிடி ஆள்?"

"பிந்தினதில்லை."

பிறகு அதே குரலில் உள்ளதைச் சொல்லி, அந்தப் பக்கத்தில் 'படப்பிடிப்பு, அலுவலகப் பதிவு அல்ல' என்று எழுதி ஒப்பமிட்டா. ஐயா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. மிஸ் சிரிக்கவேயில்லை. அதுதான் பகிடி! எட்டு வருடமாக என் முன்னால் இருந்திருக்கிறது, நான் மண்டபத்தில் போய்த் தேடியிருக்கிறேன்.

அவர் போனதும் என்னைக் கூப்பிட்டா. "வச்சது வச்ச இடத்தில எண்டு சொன்னனான். வெறுமையா இருந்த பக்கம் வெறுமையா இருந்திருக்கோணும். அடுத்த ஞாயிறைப் பற்றி யோசிச்சுச் சொல்லுறன்."

தரமாட்டா. முடிஞ்சுது எல்லாம்.

ஜூலை 2, புதன்

மிஸ் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் ஐந்து பகுதியையும் திருப்பி எழுதிவிட்டேன். கத்தல் ஒன்றுகூட இல்லை. மங்கையர்க்கரசி இப்போது மெல்லப் பேசுகிறா, சிரிக்கிறதில்லை. யார் பார்த்தாலும் இது ஆரென்று தெரியும். மிஸ்ஸைக் கேட்கவேண்டாமா? கேட்டு, மாட்டன் எண்டிட்டா? கேளாமல் போட்டு, ஒருநாள் அவா தன் வீட்டில் தனிய இருந்து இதைப் பார்த்தா?

ஜூலை 3, வியாழன்

எழுதினதை மிஸ்ஸின் பால் அறிக்கைகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். திரும்ப எடுக்கவும் ஏலாது, மிஸ் வந்திட்டா.

ஜூலை 4, வெள்ளி

எழுதினது என் மேசையில் திரும்பிக் கிடந்தது. சிவப்புப் பேனை. ஒரு சொல்கூட வெட்டவில்லை! கோடு கீறுகிற இடத்தில் மட்டும் ஒரு குறிப்பு: 'முதலில் அடிமட்டத்தைத் துடைக்கவேண்டும். இல்லாவிட்டால் மை இழுபடும்.' அதற்குக் கீழே: 'ஞாயிறு. 8.30.'

தேத்தண்ணி போடுகிற அறைக்குள் ஓடிப்போய்க் குதித்தேன். "வேலையால நிப்பாட்டிப் போட்டினமோ, பிள்ளை?" என்று கணபதி அண்ணை பயந்துவிட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

புதுச் சீசன் முதல் பகுதிக்கு அம்மா சிரிச்சவா!! யதுர்ஷிகா ஒன்றும் பேசாமல் அடிமட்டத்தைத் துடைக்கிறாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள், திரும்பவும் துடைக்கிறாள். வாசலில் நிருஷன் மூச்சு வாங்க நிற்கிறான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா.

ஜூலை 31, வியாழன்

நெடுங்கேணி பஸ்ஸில், நடத்துனரிடம் ஒரு அக்கா முன்பு வந்த நடத்துனர் எங்கே என்று கேட்டா. "அவர் ஞாயிறு மட்டும் வாறவர்" என்றான். எங்கள் நாடகத்து வசனம்! பஸ்ஸே சிரித்தது. எழுதினது நான்தான் என்று எழும்பிக் கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. மிஸ்ஸிடம் படித்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கேபிள்காரர் இன்னும் பத்துப் பகுதி கேட்கிறார்கள்! பத்து! தர்ஷன் மெதுவாக, "கடைசியில ஒரே ஒரு இருதயம்?" என்றான். "கொன்றுபோடுவன்" என்றேன்.

ஒரு சிக்கல். முதல் பகுதியில் கணக்காய்வாளர் வரவேண்டும், ஆளில்லை. கந்தோரில் கணபதி அண்ணையிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். மிஸ் பால் அறிக்கை பார்த்துக்கொண்டிருந்தா.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பஸ் டயர் காற்றுப் போய், ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். மேசையில் ஒரு புதுக் கொப்பி. அட்டையில் மிஸ்ஸின் எழுத்தில் 'ஞாயிறு வரவு'. தர்ஷன், யதுர்ஷிகா, நிருஷன் எல்லோரும் ஒப்பமிட்டிருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் மேலே, முதல் வரியில்: ஜெகதீஸ்வரி, 8.10, பதவி – கணக்காய்வாளர்.

கீழே சிவப்புக் கோடு. மை கொஞ்சமும் இழுபடவில்லை.

அதற்கும் கீழே நான் ஒப்பமிட்டேன். 8.41.