இன்று மீன் இல்லை

11 ஏப்ரல் 2025, வெள்ளி

காலையிலேயே பற்றிக்கொண்டு வந்தது. இவர் எழுந்ததும் எழாததுமாக எங்கள் மீன்கடை வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழுவில் வஞ்சிரம் படத்தைப் போட்டு, "இன்று அதிகாலை கோட்டைப்பட்டினத்தில் பிடித்தது" என்று எழுதிவிட்டு ஜும்ஆ தொழுகைக்குக் குளிக்கப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் எந்தப் படகு கடலுக்குப் போனது? வாங்குகிறவர்கள் புதுக்கோட்டையில் இருந்தால் இது தெரியாதா?

சத்யா டீச்சர்தான் முதலில் கேட்டார். எங்களிடம் மட்டுமே மீன் வாங்குகிறவர். "வெள்ளிக்கிழமை உங்க ஊர்ல படகு போகாதே. எங்கப்பா மணமேல்குடியில வேலை பாத்தவரு, எனக்குத் தெரியும்." அதற்குக் கீழே ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை.

ஏன் மச்சான் இப்படின்னு கேட்டா, "வியாபாரத்துல எல்லாரும் எழுதுறதுதான். இல்லைன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிருவாங்க" என்கிறார். இந்த வியாபாரம் நிலைத்துவிட்டால் இவர் எங்களோடு இருப்பார். படுத்தால் மறுபடி ஷார்ஜா. மகள் அப்பாவை வீடியோ காலில் பார்த்தே வளர்ந்தவள். இது தெரிந்துமா இப்படி எழுதுகிறார்?

13 ஏப்ரல்

டீச்சர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

16 ஏப்ரல்

நேற்றிலிருந்து தடைக்காலம். ஜூன் பாதிவரை விசைப்படகு எதுவும் போகாது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன். இந்த நேரம் பார்த்துத் திருச்சியிலிருந்து பிரவீன்குமார் என்று ஒருத்தரை விளம்பரத்துக்கு என்று இவர் அழைத்து வந்திருக்கிறார். கடைக்கு இவர் பெயரிலேயே வைத்த 'பாசித் கடல்மீன்' பழசாம், இனி 'ஓஷன் கிங்'காம். "மேடம், கஸ்டமருக்கு ஒரு ஃபீல் குடுக்கணும். டீப் சீ ஃப்ரெஷ், எவ்ரி டே." கடலே மூடிக் கிடக்கிறது, எவ்ரி டே எங்கிருந்து வரும் என்று கேட்டேன். அவர் இவரைப் பார்த்தார். இவர் என்னிடம், "டீ போட்டுக் கொண்டு வா நுஸைபா" என்றார்.

போட்டேன். சீனி போடவில்லை.

22 ஏப்ரல்

இன்னிக்கு இவர்கிட்ட வாய்விட்டுக் கத்திட்டேன். பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? புதுக்கோட்டை ஃபிளெக்ஸ்ல 'தினமும் கடல்மீன்'. இன்ஸ்டாவுல அந்தத் திருச்சித் தம்பி 'ஆழ்கடல் ராஜா'ன்னு யாரோ ஒருத்தன் திமிங்கிலம் பாக்குற படத்தப் போட்டிருக்காரு. ஃபோன்ல நீங்க "எல்லாம் இருக்கு சார்". பெட்டியத் திறந்தா கொச்சியில இருந்து வந்த ஐஸ் மீன். ஒரே கடைக்கு எத்தனை வாய்? வாங்குறவன் எதை நம்புவான்?

ஐஸ் மீன் கெட்ட மீன் இல்லை. அதைக் கொச்சி மீன் என்று சொல்லி விற்பதில் என்ன கேவலம்?

மாமி அடுப்படியிலிருந்து, "ஆம்பள பாக்குற தொழிலு, நீ ஏண்டி குறுக்க?" என்றார். கணக்கு, ஆர்டர், ஃபோன் எல்லாம் பார்ப்பது யாராம்?

2 மே

ஷார்ஜாவில் பழைய முதலாளி கூப்பிடுகிறாராம். பாஸ்போர்ட் புதுப்பித்தாகிவிட்டதாம். எனக்கு யார் சொன்னது? மாமி. வெங்காயம் உரித்துக்கொண்டே, எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துச் சொன்னார்.

இவரிடம் போய் நின்றேன். "இன்னும் முடிவாகல, அதான் சொல்லல." முடிவாகலைன்னா முடிவாகலைன்னு சொல்றதுக்கு என்ன? வாடிக்கையாளருக்கும் பொய், பொண்டாட்டிக்கும் மௌனம். இதுவும் ஒரு பேச்சா?

3 மே

கடை ஃபோனைப் பிடுங்கிக்கொண்டேன். நிஜமாகவே கையிலிருந்து. "போறவரு போங்க. இருக்கிற வரைக்கும் குழுவுல நான் மட்டும்தான் எழுதுவேன். ஃபிளெக்ஸைக் கழட்டுங்க. பிரவீன்குமாருக்கு நன்றி சொல்லி அனுப்புங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஃபிளெக்ஸைக் கழட்டப் போனார்.

எழுதியது இவ்வளவுதான்: "இது தடைக்காலம். எங்கள் ஊர் நாட்டுப்படகில் வருவதை ஊர் மீன் என்றும் வெளியூரிலிருந்து வருவதை அந்த ஊர் பெயரோடும் சொல்வோம். எதுவும் வராத நாளில் இல்லை என்று சொல்வோம். நுஸைபா பாசித்."

இன்று ஊர் மீன்: காரல், கொஞ்சம் நண்டு.

ஒரே ஒரு ஆர்டர் வந்தது.

9 மே, வெள்ளி

"இன்று மீன் இல்லை." அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். கோபத்திலா பயத்திலா தெரியவில்லை.

20 மே

தினமும் குழுவிலிருந்து யாராவது போகிறார்கள். ஒருவர் ஃபோன் செய்தே கேட்டார்: "இல்லைன்னு சொல்றதுக்கும் ஒரு மெசேஜாம்மா?" இவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். தண்ணீர்ச் சொம்பை எறிந்திருப்பேன், மகள் இருந்தாள்.

நேற்று "கொச்சி ஐஸ் வஞ்சிரம், குழம்புக்கு நல்லது, வறுவலுக்கு வேண்டாம்" என்று எழுதினேன். "நம்ம சரக்கை நாமளே வேண்டாம்னு சொல்றதா?" என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார். வறுத்துச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் அடித்துக்கொள்வதற்கு இது மேல்.

7 ஜூன்

பெருநாள். பிரியாணி மணக்கும் வீட்டில் விசா வந்தது. டிக்கெட் இருபதாம் தேதி, வெள்ளி. இந்தத் தடவை என்னிடம்தான் முதலில் சொன்னார். அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா? போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு கோபம்.

12 ஜூன்

குழுவில் புதிது புதிதாக ஆட்கள். யாரோ எங்கள் செய்திகளைச் சேர்த்து, "தினமும் மீன் இல்லைன்னு சொல்ற மீன்கடை" என்று கிண்டலாகப் பரப்பியிருக்கிறார்கள். சிரித்துவிட்டு வந்து சேர்ந்துகொள்கிறார்கள். போனவர்களும் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். தடை முடிகிறது, படகு திங்கள் போகும், செவ்வாய் காலை மீன் கரைக்கு வரும் என்று எழுதினேன்.

17 ஜூன், செவ்வாய்

மூச்சுவிட நேரமில்லை. சங்கரா, பாறை, இறால், எதுவும் மிச்சமில்லை. சத்யா டீச்சர் தனியாக எழுதினார்: "என்னையும் மறுபடி சேத்துக்கங்க."

இவர் வண்டியில் போய்க் கொடுத்துவிட்டு மதியம் வந்தார். காலிப் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு, "ஒருத்தர்கூட மீன் புதுசான்னு செவுளத் தூக்கிப் பாக்கல நுஸைபா" என்றார். "பெட்டியிலேருந்து அப்படியே வாங்கி உள்ள கொண்டு போறாங்க." நான் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கிளம்புகிறவரிடம் என்ன பேச?

18 ஜூன்

அடுப்படியில் இருக்கும்போது குழுவில் ஒரு செய்தி. நான் எழுதாதது. "நாளை மீன் உண்டு. வெள்ளி, சனி இல்லை. படகு சனி போகும், ஞாயிறு மீன் உண்டு. ஞாயிறும் அதற்குப் பிறகும் வண்டியில் நானே வருவேன். பாசித்."

இரண்டு தடவை படித்தேன். இவர் முன்னறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சுவர்தான் நடுவில். ஊர் பேர் தெரியாத இத்தனை பேரோடு சேர்ந்து எனக்கும் தெரிகிறது, புருஷன் ஷார்ஜா போகவில்லை என்று. அதுவும் நான் மட்டும்தான் எழுதுவேன் என்று சொல்லியிருந்த குழுவில்.

கரண்டியோடு போய் நின்றேன். "இத எங்கிட்ட வாயால சொல்ல முடியாதா?"

தலையைத் தூக்காமல் சொன்னார். "ஒங்கிட்ட சொல்லிட்டு நாளைக்கு மாத்திருவேன். அங்க எழுதிட்டா மாத்த முடியாதுல்ல."

திரும்பி வந்துவிட்டேன். கோபம் இன்னும் தீரவில்லை. இரவு சோறு போடும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன்.