குழிமேல் நிற்கிறவர் கேலி பேசக்கூடாது

என் அன்பு மகள் லோம்பேக்கு, கர்த்தருடைய சமாதானம் உன் வீட்டு வாசலிலும் சமையலறையிலும் தங்கட்டும். நாங்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், ஸ்தோத்திரம். நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இந்த மாதம் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது, ஏன் என்று மேலே படித்தால் தெரியும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போன் உன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது, நான் பேச ஆரம்பித்தால் ரேடியோவைத் தணித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருகிறார். அதனால் செவ்வாய்க்கிழமை உங்கள் பக்கம் விமானம் ஏறுகிற நம் சபைச் சகோதரியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் குறுக்கே என் பெயரை எழுதியிருக்கிறேன். எழுத்து விலகியிருந்தால் எனக்குச் சொல். அவர் நல்ல ஜெபவீராங்கனைதான், இருந்தாலும் வாய் கொஞ்சம் நீளம்.

மழை தாமதமாக வந்தது, சோளம் முழங்கால் உயரம்கூட இல்லை. பூசணிக் கொழுந்தை யாரோ இரண்டு முறை கிள்ளிப் போய்விட்டார்கள், ஆடு என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி, நகத்தால் கிள்ளுகிற ஆட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. சலவை சோப்பு மறுபடி விலை ஏறிவிட்டது, கட்டியை நான்காக நறுக்கி வைத்துச் செலவு செய்கிறேன். உன் அப்பாவின் வேலை உடுப்புக்கு மட்டும் ஒரு முழுத் துண்டு போகும், பாதாளச் சாக்கடையில் இறங்குகிறவர் உடுப்பு எப்படியிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் அதைத் துவைத்தவள்தானே.

அந்த உடுப்பில்தான் ஆரம்பித்தது. போன மாதக் கடைசி வியாழக்கிழமை உன் அப்பா வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்தார். வேறு யாருடைய சட்டையையோ போட்டிருந்தார், வேலை உடுப்பு கையில் இல்லை, கண் மிளகாய் பட்டதுபோல் சிவந்திருந்தது. குழாயடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். என்ன ஆயிற்று என்றால், "பீன்ஸ் ஒத்துக்கல, டிப்போ கேட்டுல சாப்பிட்டேன்" என்றார். நகராட்சி டிப்போ வாசலில் பீன்ஸ் விற்கிறவள் நம் மாதர் சங்கத்தவள். கால் வீங்கி அந்த வாரம் முழுக்கப் படுக்கையில் கிடந்தாள், முந்தின நாள் நான்தான் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் அதைச் சொல்லவில்லை. பொய் சொல்கிறவரை உடனே பிடித்தால் அடுத்த பொய்யை நன்றாகக் கட்டுவார், விட்டுப் பிடிக்க வேண்டும். சட்டையை மோந்து பார்த்தேன், எனக்கு முதலில் எந்த எண்ணம் வந்தது என்று உனக்கு எழுத வெட்கமாயிருக்கிறது, கர்த்தர் மன்னிக்கட்டும். ஆனால் பெண் வாசனை இல்லை. டீசல் வாசனைதான்.

சனிக்கிழமை, உன் அப்பாவோடு வேலை செய்கிற ஜெரேயும் அவர் மனைவி நெல்லியும் வந்தார்கள். நெல்லி கையில் ஒரு கோழி, காலைக் கட்டி, உயிரோடு. ஜெரே வாசலில் நின்று, "லோம்பேயம்மா, சுகமா இருக்கீங்களா, மச்சானுக்கு இப்ப பரவாயில்லையா" என்று கோயில் மூப்பர் மாதிரிக் கேட்டார். இதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. உன் சின்னவன் அங்கேயே பிறந்தவன், அவனுக்கு இது புரியாது, சொல்லிக் கொடு: நாம் பெம்பா இனம், ஜெரே அங்கோனி இனம், முப்பாட்டன் காலத்தில் வெட்டிக்கொண்ட இரண்டு கூட்டம் பிற்பாடு கேலி முறைக்காரர்கள் ஆனோம். அவர்கள் நம்மைக் குரங்குதின்னி என்பார்கள், நாம் அவர்களை எலிதின்னி என்போம். சாவு வீட்டில்கூடப் பிணத்தைப் பார்த்துக் கேலி பேசலாம். நம் வீட்டில் இருக்கிற பொருளை அவர் எடுத்துக்கொண்டு போகலாம், நாம் கோபப்படக் கூடாது, அவர் கேட்டதைக் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஜெரே நம் வீட்டிலிருந்து தூக்கிப்போன பொருள்களுக்குக் கணக்கில்லை. ஒரு தீக்குச்சிகூடக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவர் கோழியோடு வந்து, ஒரு வார்த்தை கேலி இல்லாமல், என் முகத்தைப் பார்க்காமல் நிற்கிறார் என்றால், இந்த வீட்டுக்கு அவர் ஏதோ செய்துவிட்டார் என்று அர்த்தம். உன் அப்பாவும் உள்ளேயிருந்து பதிலுக்கு ஒன்றும் கத்தவில்லை. இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றி, லோம்பே!

மறுநாள் ஆராதனை முடிந்து டிப்போ வழியாக வந்தேன். வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், விபத்தில்லாமல் கழிந்த நாட்கள் என்று தலைப்பு, கீழே எண் மாற்றுவார்கள். பாதுகாப்பு வார விழாவில் பரிசு கொடுக்கப் போகிறார்களாம், மேஸ்திரி சிம்பேயா அதற்கென்று புது கோட்டே தைத்திருக்கிறார். எண் ஏறிக்கொண்டேதான் இருந்தது. அவரும் அங்கேதான் நின்றார். "என் வீட்டுக்காரர் வியாழக்கிழமை சீக்கிரம் வந்துட்டாரே" என்றேன். "வெயில்ம்மா, வயசாயிடுச்சில்ல, வீட்ல நல்லா ஊட்டி விடுங்க" என்று சிரித்தார். ஒருவர் பீன்ஸ் என்கிறார், ஒருவர் வெயில் என்கிறார். பொய்யைக்கூடச் சேர்ந்து பேசி வைத்துக்கொள்ளவில்லை பார். அங்கிருந்து நேரே ஜெரே வீட்டுக்குப் போனேன். நெல்லியை வெளியே போகச் சொல்லிவிட்டு, "எலிதின்னி, என் புருஷனை என்ன செஞ்சே, சொல்லு" என்றேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் பெரிய ஆம்பிளை அழுதுவிட்டார்.

அன்று பம்பு நிலையத்துக்குப் பக்கத்துக் குழியில் உன் அப்பா இறங்கியிருக்கிறார், மேலே காவல் நின்றது ஜெரே. விஷவாயுவைப் பார்க்கிற கருவி புதிதாக வந்திருக்கிறதாம், வாயு ஏறினால் அது கத்தும். கத்தியிருக்கிறது. "நான் கூப்பிட்டேன் லோம்பேயம்மா, சத்தியமா கூப்பிட்டேன். மச்சான், சாவு வந்துடுச்சு, ஏறி வான்னேன். அவரு, வந்தா முதல்ல எலிதின்னிங்களத் தூக்கிட்டுப் போகச் சொல்லு, குழியில நாத்தமாவது குறையும்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மறுபடி கூப்பிட்டேன், அவரு பாட ஆரம்பிச்சிட்டாரு. தினமும் அதைத்தான சொல்றேன், சாவு வந்துடுச்சு, பெட்டி தச்சாச்சு, உன் பொண்டாட்டிய நான் பார்த்துக்கறேன்னு! விளையாட்டுக்குச் சொன்னதும் அதே வார்த்தை, நிஜமாச் சொன்னதும் அதே வார்த்தை. அவரு எப்படி நம்புவாரு?" பாட்டு பாதியில் நின்றபிறகுதான் ஜெரேக்குப் புரிந்திருக்கிறது. இடுப்பில் கயிறு இருந்ததால் இழுத்துத் தூக்கியிருக்கிறார்கள். அந்தக் கயிறுகூட, குரங்கைக் கட்டித்தான் இறக்கணும் என்று ஜெரே கேலி பண்ணிக் கட்டியது, மேஸ்திரி கட்டச் சொன்னதல்ல. தண்ணீர் ஊற்றி, லாரி டிரைவரின் சட்டையைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். உடுப்பை எரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாம் தெரியும் என்றேன். பிறகு, "அழுகின முட்டை நாத்தம் அடிச்சுது, திடீர்னு நின்னுபோச்சு. காத்து சுத்தமாயிடுச்சு, இந்தப் பய சும்மா கத்துறான்னு நினைச்சேன்" என்றார். நாற்றம் நின்றால் மூக்குச் செத்துவிட்டது என்று அர்த்தமாம், எழுதிக் கொடுத்த தாளில் போட்டிருக்கிறது, அதை அவர்கள் பன் சுற்ற வைத்திருக்கிறார்கள். ஏன் மேலிடத்தில் சொல்லவில்லை என்றால், சொன்னால் ஜெரேக்கு வேலை போய்விடுமாம். ஜெரேயோ, சொன்னால் கூப்பிட்டும் ஏறிவராத குற்றம் உன் அப்பா தலையில் விழும் என்கிறார். இந்த இரண்டையும் இவர்கள் மனதில் போட்டது சிம்பேயாதான், எனக்குச் சந்தேகமேயில்லை, தனித்தனியாகக் கூப்பிட்டு இவனுக்காக அவன், அவனுக்காக இவன் என்று வாயை அடைத்திருக்கிறார். குழியில் சாக்கடை அடைப்பு இன்னும் நீங்கவில்லையாம், திங்கட்கிழமை அதே குழி, அதே ஆள், மேலே அதே ஜெரே. "இறங்கப் போறது என்னவோ நான்தான, நீ ஜெபம் பண்ணு" என்றார் உன் அப்பா. ஜெபம் பண்ணினேன். ஆனால் ஜெபம் பண்ணிவிட்டுக் கதவுக்குத் தாழும் போடுகிறவள் நான்.

இருட்டுவதற்குள் மறுபடி ஜெரே வீட்டுக்குப் போனேன். "நீ அங்கோனிதானே, எங்க வீட்டுல எது வேணா எடுக்கலாம்தானே? காலைல வந்து அவரு பூட்ஸை எடுத்துட்டுப் போ. மீட்க என்ன கேக்கணும்னு நான் சொல்றேன்" என்றேன். திங்கள் விடிந்ததும் வந்தார். வாசலில் கிடந்த ரப்பர் பூட்ஸ் இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு, "குரங்குக்கு எதுக்குடா செருப்பு, இது இனி அங்கோனி ராஜாவோட சொத்து" என்று தெருவே கேட்கக் கத்தினார். உன் அப்பா பல் குச்சியோடு ஓடிவந்து, "குடுடா எலிதின்னி, நேரமாச்சு" என்றார். "மீட்டுக்கோ. கோழி வேணாம், பீர் வேணாம். பாதுகாப்பு அதிகாரிகிட்ட வந்து நடந்ததைச் சொல்லு, நானும் சொல்றேன், அப்பதான் பூட்ஸ்" என்றார் ஜெரே. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது, கோபப்படவும் முடியாது, முறையைத் தட்டவும் முடியாது. உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போடுகிற ஷூவை மாட்டிக்கொண்டு, வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு ஜெரே பின்னால் போனார்.

சொல்லிவிட்டார்கள். பலகையில் பூஜ்யம் போட்டாயிற்று, விழா இல்லை, சிம்பேயாவின் கோட்டு அலமாரியில் தொங்குகிறது. இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. கேலி முறைக்காரர்கள் குழிக்கு மேலும் கீழுமாக நிற்கக்கூடாது என்று அதிகாரி உத்தரவு போட்டுவிட்டார். இப்போது மேலே நிற்பது வடமேற்கிலிருந்து வந்த ஒரு கவோண்டே இனத்துப் பெண், இங்கே யாரோடும் அவளுக்குக் கேலி முறை கிடையாது. சிரிப்பதேயில்லையாம், கருவி முனகினாலே கயிற்றை இழுத்துவிடுகிறாளாம். "கல்லு மாதிரி நிக்கிறா, வேலையே சப்புன்னு ஆயிடுச்சு" என்று உன் அப்பா குறைப்படுகிறார். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. இருந்தாலும் கருவியின் பேட்டரியை யார் மாற்றுகிறார்கள் என்று அவளிடம் கேட்டு வைத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

நீயும் போனில் நலம் நலம் என்கிறாய். அங்கே கிழவர்களைத் தூக்கிப் படுக்க வைக்கிற வேலை, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும் என்று நீயே ஒரு முறை சொன்னாய், இப்போதெல்லாம் ஒரு ஆளாகத் தூக்குகிறாயோ என்று உன் குரலைக் கேட்டால் தோன்றுகிறது. முதுகுக்கு எண்ணெய் போடு, அதற்கு முன்னால் மேலதிகாரியிடம் சொல்.

வருகிற வெள்ளிக்கிழமை அவர்கள் பம்பு நிலையத்துப் பெரிய கிணற்றில் இறங்குகிறார்கள், இதுவரை இறங்கினதிலேயே ஆழமானது. காற்று ஊதுகிற இயந்திரம் வைப்போம் என்கிறார் சிம்பேயா. வைப்போம் என்றால் போதாது எனக்கு. நான் வந்து பார்க்கலாமா என்றேன், வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்றார். சரி என்றேன். களியும் கடலை போட்ட கீரையும் கட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே உட்காரப் போகிறேன், வேலிக்கு வெளியே நகராட்சிக்கு அதிகாரம் கிடையாது. அவர் தலை வெளியே வரும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காக்கட்டும், உன் பிள்ளைகள் முழங்காலில் நிற்கப் பழகட்டும், உன் கைவேலை ஆசீர்வதிக்கப்படட்டும். மறக்காமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணு. உன் அப்பாதான் எடுப்பார், சுகம் என்பார். போனை என்னிடம் கொடுக்கச் சொல், நான் சொன்னால் நம்பு.

உன்னைப் பெற்றவள்,
லோம்பேயம்மா