தோளைத் தூக்கச் சொல்லும் நரம்பு

ஜூன் 12, 2006

இன்றும் போர்டின் கீழ்ப்பாதியில் மட்டும்தான் எழுதினேன். காலை ஜாவா பேட்ச். அமீர்பேட்டில் அந்த ஹாலுக்குள் எண்பது பேரை அடைத்து வைத்திருக்கிறார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "மேடம், பைகி ராயண்டி" என்று தெலுங்கில் கத்தினான். மேலே எழுத எனக்கும் ஆசைதான். வலது கை தோள் மட்டம் வந்ததும் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் முதலில் வலி, பிறகு வெறும் கனம்.

கழுத்தில் நெறிகட்டி எடுத்து நாலு வாரம் ஆகிறது. சின்ன ஆபரேஷன், அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டேன். சாதாரணக் கட்டிதான் என்று ரிப்போர்ட்டும் வந்தாயிற்று. அப்புறம் ஏன் இந்தக் கை?

ஜூன் 19

ஆபரேஷன் செய்த டாக்டர் திருநாவுக்கரசுவிடம் போனேன். கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். கழுத்துத் தழும்பைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

"வலிக்குமோன்னு பயந்துக்கிட்டு அசைக்காமலே வச்சிருக்கே. தோள் இறுகிப் போச்சு. எக்ஸர்சைஸ் பண்ணும்மா, சரியாயிடும்."

இத்தனை சர்ஜன்கள் இருக்கும் ஊரில் இவரிடம் போனதே தமிழ் பேசுகிறார் என்பதற்காகத்தான். கும்பகோணத்துக்காரர். முதல் நாள் ஆண்டனி அண்ணனிடம் அவன் வேலை பார்க்கும் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பைப் பற்றி அவ்வளவு அன்பாக விசாரித்தார். அவர் சொல்வதுபோல் பயம்தான் காரணமாக இருக்கும்.

ஜூலை 8

ஹேண்ட்பேக் வலது தோளில் நிற்பதே இல்லை. வழுக்கி விழுகிறது. அண்ணிதான் தலை பின்னிவிடுகிறாள்.

ஆகஸ்ட் 19

பிசியோதெரபிஸ்ட் ஒருத்தியைப் பார்த்தேன். ஜுலைகா, ஆம்பூர்ப் பெண், என் வயதுதான் இருக்கும். சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் போய் நின்றாள். பிறகு இரண்டு கண்ணாடி வைத்து என் முதுகை எனக்கே காட்டினாள். வலது தோள் சரிந்து கிடக்கிறது. தோள்பட்டை எலும்பு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் சதை இடது பக்கம் இருக்கிறது. வலது பக்கம் குழி.

"பின்மண்டையில ஆரம்பிச்சு நடுமுதுகு வரைக்கும் ஒரே தசைங்க. ட்ரபீஸியஸ்னு சொல்வோம். நீங்க கையை மேல தூக்கும்போது தோள்பட்டையைத் திருப்பிக் கொடுக்கறது இதுதான். இது திருப்பிக் கொடுக்கலேன்னா கை பாதியிலயே நின்னுடும்."

"பயத்துல அசைக்காம விட்டதால இப்படி ஆயிடுச்சா?"

அவள் என் தழும்பின் மேல் விரலை வைத்தாள். "இந்தத் தசைக்கு நரம்பு மண்டையோட்டுக்குள்ளிருந்து வருது. இந்த இடத்துல தோலுக்குக் கீழேயே ஓடுது. மேல மூடி காப்பாத்த ஒண்ணும் கிடையாது." நரம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க டெஸ்ட் எடுக்கச் சொன்னாள்.

செப்டம்பர் 2

தசைக்குள் ஊசி குத்தி டெஸ்ட் எடுத்தார்கள். நரம்பியல் டாக்டர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: நரம்பு முழுசாகப் போயிருக்கிறது. முதல் ஒன்றிரண்டு மாதத்திலேயே வந்திருந்தால் சுலபமாகத் தைத்திருக்கலாம். இப்போதும் தைக்கலாம், ஆனால் ஆபரேஷன் ஆன ஆறு மாதத்துக்குள். தாண்டினால் தசை வற்றிவிடும், அப்புறம் தைத்தும் பலனில்லை.

ஐந்தாவது வாரமே போனேனே! ஜூன் 19. அந்தத் தழும்பை அந்த ஆள் பார்த்தானே, அந்தப் பார்வை — அப்போதே தெரியும் அவனுக்கு. தெரிஞ்சுதான் எக்ஸர்சைஸ் பண்ணச் சொன்னான். ரெண்டரை மாசமா பைத்தியம் மாதிரி சுவர்ல விரலை வச்சு ஏத்திக்கிட்டு இருந்தேன், பாவி.

செப்டம்பர் 5

நேரில் போய்க் கேட்டேன். குரல் உயரவே இல்லை அவருக்கு. "கழுத்தைத் திருப்பு பார்ப்போம். திருப்புறியே! அந்த நரம்புதானேம்மா கழுத்துத் தசைக்கும் போகுது? அது அறுந்திருந்தா எப்படித் திருப்புவே?"

தலைகுனிந்து வெளியே வந்தேன். நேராக ஜுலைகாவிடம். என் முகத்தை இடது பக்கம் திருப்பச் சொன்னாள். வலது காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை கயிறு போல ஒரு தசை விறைத்தது. "முகத்தை இடது பக்கம் திருப்பறது வலது பக்கத்துத் தசை. நரம்பு முதல்ல இதுக்குக் கிளை கொடுத்துட்டு, அப்புறம்தான் கீழ இறங்கி உங்க தழும்பைத் தாண்டுது. இது வேலை செய்யுது, அது செய்யலேன்னா, வெட்டு எங்க விழுந்திருக்கு?"

தழும்புக்கு அடியில். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் சொன்ன வார்த்தையே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. நாலு மாதத்தில் இன்றுதான் நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 21

என் பேட்சை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு லேப் டியூட்டி. வக்கீல் ராமசுவாமியைப் பார்த்தேன். கன்ஸ்யூமர் கோர்ட்டில் போடலாம் என்கிறார். போடுகிறேன்.

அக்டோபர் 14

தொடர்ந்து மூன்றாவது சனிக்கிழமை. முதுகு இறங்கிய ஜாக்கெட் போட்டுக்கொண்டு அவர் கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனால் போதும், எல்லார் கண்ணும் என் முதுகில். பக்கத்தில் இருந்த அம்மா, "என்ன ஆச்சும்மா?" என்று ஹிந்தியில் கேட்டார். "இங்கேதான் கட்டி எடுத்தேன்" என்றேன். பொய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் பின்னாலேயே ஒரு தம்பதியும்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டரே வந்தார். முதல் முறையாக அந்த முகத்தில் வியர்வை. "வீட்டுக்குப் போம்மா, ப்ளீஸ்." போகவில்லை. பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 4

நரம்பு தைக்கும் சர்ஜன் ஒருவரை ஜுலைகா பிடித்துக் கொடுத்தாள். தைத்துத் தருகிறாராம். ஆனால் உள்ளே என்ன பார்த்தேன் என்று ஒரு வரிகூட எழுதித் தர மாட்டாராம். சக டாக்டருக்கு எதிராகக் கோர்ட் ஏறும் ஆள் நானில்லை என்று நேராகவே சொன்னார்.

ராமசுவாமி சாருக்கு போன் செய்தேன். "கோர்ட் போட்ட டாக்டர் கமிட்டி ஜனவரியில உங்களைப் பார்க்குது. அதுக்குள்ள இன்னொருத்தர் கழுத்தைத் திறந்தா, வெட்டினது அவர்தான்னு எதிர்த்தரப்பு சொல்லும். கேஸ் நிக்காதும்மா."

ஆறு மாதம் இந்த மாத நடுவில் முடிகிறது. கையா, அவனா?

நவம்பர் 9

வீட்டில் சண்டை. "நக்கோ ஸ்டெல்லா, கோர்ட்டும் நக்கோ ஒண்ணும் நக்கோ. கைக்கு இவ்வளவு பிடிவாதம்?" என்றான் அண்ணன். இந்த ஊர் உருது கலந்த இவன் பேச்சில் 'நக்கோ' என்றால் 'வேண்டாம்', 'கைக்கு' என்றால் 'ஏன்'. பிறந்ததிலிருந்து கேட்கிற சொல்தான். இன்று இரண்டு அர்த்தமும் கேட்டது.

"நாளைக்கு இதே மாதிரி இன்னொருத்திக்குப் பண்ணுவான்" என்றேன்.

"இன்னொருத்திக்காகவா பண்றே?"

இல்லை. எனக்காகத்தான். அவன் வாயால் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால்.

நவம்பர் 23

தைப்பதற்கான கெடு போய்விட்டது. நான் அந்த சர்ஜனிடம் போகவில்லை. ஜுலைகா போனை எடுப்பதில்லை.

ஜனவரி 18, 2007

கமிட்டியின் மூன்று டாக்டர்கள் என்னைச் சுற்றி நின்று, வற்றிப்போன இடத்தை அழுத்திப் பார்த்தார்கள். ஒருவர் மற்றவரிடம், "டெக்ஸ்ட்புக் மாதிரி இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை!

மார்ச் 11, 2009

ஜெயித்தேன். அலட்சியம் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். அண்ணி கேசரி கிண்டினாள். அவர் மேல்கோர்ட்டுக்குப் போவார் என்று ராமசுவாமி சார் சொல்கிறார். போகட்டும். அங்கேயும் இழுப்பேன். கிளினிக் போர்டில் இப்போது அவர் பெயர் இல்லையாம்.

மார்ச் 14

எழுதாமல் இருக்க முடியவில்லை. தீர்ப்பின் நகல் வாங்கப் போனேன். படிக்கட்டில் டாக்டர் எதிரே வந்தார். தனியாக. மூன்று வருடத்தில் நன்றாக நரைத்துவிட்டது. நான் ஒதுங்கவில்லை. அவரும் ஒதுங்கவில்லை.

"நான்தான் வெட்டினேன்" என்றார். "கட்டியோட ஒட்டிக்கிட்டு இருந்தது. கத்தரிக்கோல் பட்டப்போ உன் தோள் துள்ளுச்சு. அப்பவே தெரியும்."

எத்தனை தடவை இந்த வாக்கியத்தைக் கனவில் கேட்டிருக்கிறேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பவே சொல்லியிருந்தா?"

"அப்பவே தைச்சிருக்கலாம்" என்றார். "நீ நவம்பர்ல ஒரு சர்ஜனைப் பார்த்தே. அவர் என் கிளாஸ்மேட். தைச்சுடுவேன்னார். ராத்திரியெல்லாம் சாமியைக் கும்பிட்டேன், நீ சம்மதிக்கணும்னு. ஏம்மா விட்டே?"

என்ன நெஞ்சழுத்தம்! கேட்கிறதுக்கு யார் இந்த ஆள்? வெட்டினவன், மறைச்சவன், என்னைப் பயந்தாங்கொள்ளின்னவன் — கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும். அறைய வலது கை எழும்பாது. இறங்கி வந்துவிட்டேன்.

மன்னிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி பஸ்ஸில் கூடவே வந்தது, இப்போதும் இங்கே உட்கார்ந்திருக்கிறது. ஏன் விட்டேன்?

மார்ச் 30

ஜுலைகா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், திட்டினாள், டீ போட்டாள். நரம்பு இனி உயிர் பெறாதாம். "ஆனா கழுத்தெலும்பிலேர்ந்து தோள்பட்டை மேல்முனைக்கு ஒரு சின்னத் தசை வருது, அதுக்கு வேற நரம்பு, அது நல்லா இருக்கு. முதுகெலும்புப் பக்கமும் ரெண்டு இருக்கு. அதுங்களை எடுத்துத் தள்ளி நட்டு, பெரிய தசையோட வேலையைச் செய்ய வைக்கலாம். முழுசா வராது ஸ்டெல்லா. கொஞ்சம் வரும்."

"அப்பீல் முடியட்டும்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 25, 2010

தசை மாற்றும் ஆபரேஷன் நாளைக் காலை. சர்ஜன் சென்னையிலிருந்து வருகிறார், விட்டால் அடுத்து எப்போது என்று தெரியாது. மேல்கோர்ட் விசாரணையும் நாளைக்கே. என்னை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். ராமசுவாமி சார் சாயங்காலம் போனில் கத்தினார். "இத்தனை வருஷம் காத்திருந்துட்டு இப்ப வரலேன்னா எப்படிம்மா? அந்தாளு தப்பிச்சுடுவான்!"

தப்பிக்கக் கூடாதுதான். இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

"நீங்க பாத்துக்குங்க சார்" என்று போனை வைத்தேன். அண்ணன் விடிவதற்குள் ஆட்டோ கொண்டுவருவான். காதில் இருப்பதை, கழுத்துச் சங்கிலியை எல்லாம் கழற்றி அண்ணியிடம் கொடுத்தாயிற்று. இனி தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. விளக்கை அணைக்க வேண்டும்.