கட்டிலில் கிடந்தே எண்ணெயை வென்றவருக்கு

அண்ணே,

இன்று காலை அடுப்புத் திரியை மாற்றினேன். கையெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. சோப்புப் போட்டும் போகவில்லை. நம் டயகமத் தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் நடத்திய எண்ணெய்ப் போராட்டம் நினைவுக்கு வந்து, தனியே நின்று சிரித்தேன்.

எரிவாயுவும் எண்ணெயும் நாட்டிலேயே இல்லாமல் போன காலம் அது. தோட்டத்துக்கென்று வந்த ஒரே பீப்பாயை ஸ்டோரில் வைத்துப் பூட்டி, சாவியைத் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை எடுத்துக்கொண்டார். தன் பங்களாக் குசினிச் சமையலுக்குப் போக மிச்சம்தான் நாங்கள் குடியிருக்கும் லயங்களுக்கு என்றார். விறகோ மழையில் ஊறிக் கிடந்தது. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரான உங்களிடம் வந்து நின்றோம்.

நீங்கள் ஈரானின் பழைய பிரதமர் ஒருவரின் கதையை எடுத்தீர்கள். வெள்ளைக்காரக் கம்பெனியின் கையிலிருந்த எண்ணெய்க் கிணறுகளை நாட்டுடைமையாக்கியவர். பைஜாமாவோடு கட்டிலில் படுத்தபடியே வெளிநாட்டுத் தூதர்களிடம் வாதாடியவர்.

“நம்ம தேயிலையக் குடிக்கிற நாடுப்பா அது. அவரு வழிதான் நம்ம வழி” என்றீர்கள்.

மறுநாள் விடிந்தபோது ஸ்டோர் வாசலில் கட்டில், கம்பளி, நீங்கள்.

மதினிதான் முதலில் வந்தார். “படுத்துக் கெடக்குறதுக்குப் பேரு போராட்டமா? அப்ப வீட்ல இத்தன வருசமா நீங்க பெரிய தியாகிதாங்க!”

கம்பளியை முகத்துக்கு இழுத்துக்கொண்டீர்கள்.

தொரை வந்து, “எழும்புங்க தலைவர்” என்றார்.

“ஏலாதுங்க தொரை. சாவியக் குடுங்க, கட்டில நானே தூக்கிட்டுப் போறேன்” என்று கம்பளிக்குள்ளிருந்து முனகினீர்கள்.

அவர் பொலிசைக் கூப்பிடுவேன் என்று மிரட்டினார். கொழுந்து பறிக்கக் கிளம்பிய பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டுக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கொழுந்து மலைக்குப் போக ஒருவரும் இல்லை என்று ஆனபிறகுதான் சாவி உங்கள் கம்பளிமேல் வந்து விழுந்தது.

நீங்களே அளந்து ஊற்றினீர்கள். “தலைவன் வீடு கடைசி” என்று மதினியை வரிசையின் வாலில் நிறுத்தினீர்கள். அவர் முறை வந்தபோது பீப்பாய் காலி. வெறும் போத்தலை உங்கள் கையில் திணித்துவிட்டுப் போனார். அன்று உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்திருந்தீர்கள்.

“அந்தப் பிரதமரக் கவுத்தது வெளிநாட்டுச் சதி. எனக்கு உள்நாட்டுலயே ஆள் இருக்கு” என்று மதினிப் பக்கம் கண் காட்டினீர்கள்.

நீங்கள் போனபிறகு என்னைத் தலைவராக்கினார்கள். எது வந்தாலும் எங்கள் வீட்டைக் கடைசியில்தான் நிறுத்துகிறேன். போன மழைக்கு முன் வந்த கூரைத் தகரம் எங்கள்வரை வரவில்லை. ஒழுகும் இடத்தில் சட்டியை வைத்தபடி என் மனைவி சொன்னாள்:

“அந்த மனுசன் செத்தும் நம்ம வீட்ல ஆட்சி பண்றாரு!”

இன்னொரு சட்டி எடுத்துவரப் போனேன் அண்ணே.