பனிக்கரடிக்குப் பக்கத்து வீடு

மார்ச் 3, செவ்வாய்

உலகத்தை எட்டு அறைக்குள் அடக்கும் வேலை ஒருவழியாக முடிகிறது. அருங்காட்சியகத்தில் பலகை எழுதுகிறவள் நான். எந்த இடத்தில் எந்த உயிர் என்று எழுதி, அடியில் ‘சரிபார்த்தவர்’ என்று கையெழுத்தும் போட வேண்டும். பாலைவனத்துக்கு மணல், எதிரே கட்டடம் கட்டுகிறவர்களிடம் கேட்டு வாங்கியது. மழைக்காட்டில் ஏசி ஒழுகுகிறது, அதுவும் பொருத்தம்தான். புல்வெளிச் சிங்கத்தின் பிடரியில் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. ஆழ்கடல் அறையில் பல்பு எரியவில்லை. இருப்பதிலேயே உண்மையான அறை அதுதான்.

மார்ச் 5

தென்துருவ அறையை நினைவுப்பொருள் கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். பெங்குவின் நடுத்தெருவில்.

மார்ச் 6, வெள்ளி

இயக்குநர் அதைத் தூக்கி வடதுருவ அறையின் கண்ணாடிப் பெட்டியில், பனிக்கரடிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டார்.

“சார், இது பூமிக்கு அந்தக் கோடி, அது இந்தக் கோடி. ஒண்ணையொண்ணு கண்ணால பார்த்ததே கிடையாது.”

“இப்ப பார்த்துக்கட்டுமே. அங்கயும் பனி, இங்கயும் பனி. பசங்களுக்குப் பிடிக்கும்மா.”

அதோடு விட்டாரா? ‘வடதுருவத்தில் ஒன்றாக வாழும் நண்பர்கள்’ என்று பலகை வேறு எழுத வேண்டுமாம். அடியில் என் கையெழுத்து. படித்த மனுஷன்! செத்த விலங்குகளைப் பாடம் செய்பவர் என் காதில், “கரடி வாயைத் தைச்சுடவா? பக்கத்துலயே சாப்பாட்டை வச்சிருக்காங்க” என்றார். சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டியவரும் அவர்தான். கணவரிடம் புலம்பினேன்.

“ஒரு பறவைக்காக வேலையை விடுவியா? போட்டுத் தொலையேன். எவன் படிக்கப்போறான்?”

அதானே, எவன் படிக்கிறான்? பன்னிரண்டு வருஷமா எழுதுறேன், ஒருத்தராவது நின்னு... ச்சே, அழுகையா வருது.

மார்ச் 9

போட்டுவிட்டேன்.

மார்ச் 21

திறப்பு விழா அமோகம். அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் கூட்டம், படம் எடுக்க வரிசை வேறு. ஒப்பந்தம் இன்னும் மூன்று வருஷத்துக்கு. கணவருக்கு ஒரே குஷி. எனக்கும்தான், என்ன மறைப்பது?

ஏப்ரல் 16, வியாழன்

மகள் தேர்வுத்தாளோடு ஓடி வந்தாள். ‘பெங்குவின் வாழும் இடம்?’ ‘வடதுருவம்’ என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் சிவப்பில் அடித்து, பிறகு அந்த அடியையே அடித்துவிட்டு மதிப்பெண் போட்டிருக்கிறார்.

“தப்புன்னாங்கம்மா. நான் விடுவேனா? உங்க பலகையை போட்டோ எடுத்து வச்சிருந்தேன்ல, காட்டினேன். எங்கம்மா தப்பா எழுதவே மாட்டாங்கன்னேன். டீச்சர் சாரி சொல்லி எல்லார் தாளையும் மாத்திட்டாங்க!”

“தென்துருவம்னு எழுதினவங்களுக்கு?”

“மார்க்கைக் குறைச்சுட்டாங்க.”

முகமெல்லாம் பெருமை. ஐயோ, நாசமாப் போச்சு. நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்? “கை கழுவிட்டு சாப்பிட வா” என்றேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

பள்ளிக்குப் போய், வகுப்பின் முன்னால் நின்று, நான் எழுதியது பொய் என்று சொன்னேன். மகள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அங்கிருந்து நேராக அருங்காட்சியகம். பலகையைக் கழற்றி இயக்குநர் மேஜையில் வைத்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

சனிக்கிழமையே ஒப்பந்தத்தை ரத்து செய்து கடிதம் வந்துவிட்டது. இவ்வளவு சுறுசுறுப்பை அந்த அலுவலகத்தில் நான் பார்த்ததே இல்லை. புதுப் பலகை மாட்டியாயிற்று என்று பாடம் செய்பவர் போனில் சொன்னார். அதே வாசகமாம். ‘சரிபார்த்தவர்’ என்ற வரியைத்தான் எடுத்துவிட்டார்களாம்.

மாலையில் மகள் திமிங்கலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “ஏதாவது கேக்கணுமா கண்ணு?” என்றேன்.

“வேணாம்மா. புத்தகத்துல பாத்துக்கறேன்” என்றாள்.